காபூலுக்கு எந்த வழியாகப் போவது?

2017 ஜூன் 19 அன்று காபூலிலிருந்து டெல்லி வந்திறங்கிய சரக்கு விமானத்தில் 60 டன் சரக்கு இருந்தது. பெரும்பகுதி பெருங்காயம். நாம் ரசத்துக்குப் போடும் பெருங்காயத்தின் மூலப்பொருள், ஒரு செடியின் வேரைக் கீறினால் வடிகிற பால். அதில் பெரும்பங்கு ஆப்கானிஸ்தானிலிருந்துதான் நமக்கு வருகிறது. இது நேற்று முளைத்த வியாபாரம் அல்ல. ஒட்டகத்தில் வந்து, பிறகு லாரியில் வந்த சரக்கு. லாரியில் வர வேண்டியது எதற்காக விமானம் ஏறியது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், போரில் நொறுங்கிய ஆப்கானிஸ்தானில் இந்தியா இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் வேலைகளில் பாதி புரிந்துவிடும்.

அமிர்தசரஸிலிருந்து காபூல் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். நடுவே இருப்பது பாகிஸ்தான். காகிதத்தில் பார்த்தால் நமக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் 106 கிலோமீட்டர் எல்லை உண்டு. உள்துறை அமைச்சகத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எல்லை பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீர்ப் பகுதியின் வடகோடியில், வாகான் மலைகளை ஒட்டி இருக்கிறது. அங்கே நம் ஆள் ஒருவர்கூடக் கால் வைக்க முடியாது.

பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் 2010இல் ஒரு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டன. அதன்படி ஆப்கன் லாரிகள் பழங்களையும் உலர் பருப்புகளையும் ஏற்றிக்கொண்டு வாகா எல்லை வரை வரலாம். சரக்கை இறக்கிவிட்டு காலியாகத் திரும்ப வேண்டும். இந்தியச் சரக்கை ஏற்றிக்கொண்டு போக அனுமதி இல்லை. ஆயிரக்கணக்கான லாரிகள் வெறும் வண்டியாகத் திரும்பிப் போவதை எந்த வியாபாரியும் தாங்கமாட்டார். அனுமதியும் நிலையாக இல்லை. டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் முகம் சுளித்தால் வாகா கதவு மூடிக்கொள்ளும். ஆகவேதான் 2017இல் விமான வழி.

ஒரு நாட்டைக் கட்டியெழுப்ப உதவுவது என்றால் பணம், பொறியாளர், ஒப்பந்தம் என்றுதான் நினைப்போம். ஆப்கானிஸ்தானைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு இருந்த முதல் கேள்வி வேறு: சரக்கையும் ஆட்களையும் எப்படி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஆள் இல்லாத ஊர்

1996 செப்டம்பரில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது இந்தியா தன் தூதரகத்தை மூடிவிட்டு வந்தது. அந்த முதல் தாலிபான் ஆட்சியை பாகிஸ்தான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகள் மட்டுமே அங்கீகரித்தன. இந்தியா தாலிபான்களை எதிர்த்த வடக்குக் கூட்டணியின் பக்கம் நின்றது.

மூன்று ஆண்டு கழித்து அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லி வந்த ஐசி-814 விமானத்தைக் கடத்தியவர்கள் அதைக் கந்தஹாரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேசுவதற்கு அந்த நாட்டில் நமக்கு ஒரு தூதர் இல்லை, அலுவலகம் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. கடைசியில் மூன்று பயங்கரவாதிகளை விடுவித்து, வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே கந்தஹாருக்குப் போனார். பிடிக்காத ஆட்சி என்றாலும் அந்த ஊரில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் டெல்லி அதிகாரிகளின் மனதில் ஆழப் பதிந்ததற்கு இந்தச் சம்பவம் ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். 2021க்குப் பிறகு எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது இது மீண்டும் வரும்.

2001இல் அமெரிக்கத் தாக்குதலில் தாலிபான் ஆட்சி விழுந்ததும், அந்த நவம்பரிலேயே இந்திய அதிகாரிகள் காபூலுக்குத் திரும்பினார்கள். டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில் ஆப்கன் தரப்புகள் ஹமீத் கர்சாயை இடைக்காலத் தலைவராக ஏற்றுக்கொண்டன. சிம்லாவில் படித்தவர் அவர். காபூல் தவிர ஹெராத், மஸார்-இ-ஷரீப், கந்தஹார், ஜலாலாபாத் ஆகிய நான்கு ஊர்களில் இந்தியத் துணைத் தூதரகங்கள் இயங்கின.

கோதுமை பிஸ்கட் ஆன கதை

2002இல் ஆப்கானிஸ்தானுக்குப் பத்து லட்சம் டன் கோதுமை தருவதாக இந்தியா அறிவித்தது. கிடங்குகள் நிரம்பி வழிந்த காலம் அது. கொடுக்க மனமும் இருந்தது, கோதுமையும் இருந்தது. பாகிஸ்தான் வழி தரவில்லை. அவ்வளவு எடையைச் சுற்றுவழியில் கொண்டுபோனால் கோதுமை விலையைவிட வண்டிக்கூலி அதிகமாகிவிடும்.

அதிகாரிகள் கண்டுபிடித்த வழி பாராட்டத்தக்கது. கோதுமையின் ஒரு பகுதியை இந்தியாவிலேயே புரதம் செறிந்த பிஸ்கட்டாகச் சுட்டு, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பு அதை ஆப்கன் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம். உச்சத்தில் கிட்டத்தட்ட இருபது லட்சம் குழந்தைகளுக்கு இது போனது. சத்துணவுத் திட்டத்தைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதன் கணக்கை விளக்கத் தேவையில்லை. பள்ளியில் சாப்பிட ஏதாவது கிடைத்தால் பிள்ளை பள்ளிக்கு வரும். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கும் வீட்டில்கூட அது ஒரு காரணமாகும்.

அரசுக்கு அரசு நேராகத் தராமல் நடுவில் ஓர் ஐ.நா. அமைப்பை வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து, பேச முடியாத ஓர் ஆட்சி வந்தபோது இதுவே கைகொடுத்தது.

அதே ஆண்டுகளில் வேறு உதவிகளும் போயின. ஆப்கன் அரசு விமான நிறுவனமான அரியானாவுக்கு மூன்று ஏர்பஸ் விமானங்கள், நகரப் பேருந்துகள், கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கு ஜெய்ப்பூர் செயற்கைக் கால் முகாம்கள், காபூலில் இந்திரா காந்தி பெயரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குப் புதுப்பிப்பு. இவற்றில் பெரும்பாலானவை கடன் அல்ல, மானியம். திருப்பித் தர வேண்டியதில்லை.

சாலை, கம்பி, அணை

பாகிஸ்தான் கதவு திறக்காது என்று தெரிந்ததும் இந்தியா மேற்கே பார்த்தது. ஈரான் வழியாகப் போகலாம். கடலில் ஈரானுக்கு, அங்கிருந்து லாரியில் ஆப்கன் எல்லைக்கு. ஆனால் எல்லையைத் தாண்டியதும் நல்ல சாலை கிடையாது. அந்தச் சாலையை நாமே போட்டுவிட்டால்?

அப்படிப் பிறந்ததுதான் ஸரஞ்ச்–டெலாராம் நெடுஞ்சாலை. ஈரான் எல்லையில் இருக்கும் ஸரஞ்சிலிருந்து, ஆப்கானிஸ்தானின் பெரிய நகரங்களை வளையமாக இணைக்கும் நெடுஞ்சாலை டெலாராமில் தொடும் இடம் வரை, 218 கிலோமீட்டர். போட்டது நம் எல்லைச் சாலைகள் அமைப்பு. இமயமலையில் ராணுவத்துக்குச் சாலை போடுகிற அதே அமைப்பு. 2009 ஜனவரியில் சாலை ஆப்கன் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானுக்குக் கடலை அடைய அதுவரை இருந்த நல்ல வழி கராச்சி ஒன்றுதான். இரண்டாவது வழி ஒன்று திறந்ததும் பாகிஸ்தானுக்கு ஏன் கசந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மின்கம்பி. வடக்கே உஸ்பெகிஸ்தானில் மின்சாரம் இருந்தது, காபூலில் இருட்டு. புல்-இ-கும்ரியிலிருந்து காபூல் வரை 202 கிலோமீட்டருக்கு, பனி மூடிய சலாங் மலைத்தொடரைத் தாண்டி, 220 கிலோவோல்ட் மின்பாதையை இந்திய நிறுவனங்கள் இழுத்தன. காபூலை ஒட்டிய சிம்தாலாவில் துணைமின் நிலையமும் அமைத்தன. நகரத்தில் ஒரு நாளைக்குச் சில மணி நேரமே எரிந்த விளக்கு நீண்ட நேரம் எரியத் தொடங்கியது.

இவை இரண்டையும்விட அதிக நாள் இழுத்தது சல்மா அணை. ஹெராத் நகருக்குக் கிழக்கே சுமார் 165 கிலோமீட்டரில், ஹரி ருத் ஆற்றின் குறுக்கே கட்டியது. 1970களில் தொடங்கி, உள்நாட்டுப் போரில் கைவிடப்பட்ட திட்டம். வாப்கோஸ் என்ற இந்தியப் பொதுத்துறை நிறுவனம் அதை மறுபடியும் எடுத்தது. அணைக்கான இயந்திரங்கள் போன வழியைக் கேளுங்கள். இந்தியத் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாஸுக்கு. அங்கிருந்து சாலையில் 1,200 கிலோமீட்டர், இஸ்லாம் கலா எல்லைச் சாவடிக்கு. அங்கிருந்து அணை இடத்துக்கு இன்னும் 300 கிலோமீட்டர். கடைசிப் பகுதி பாதுகாப்பில்லாத சாலை; பொறியாளர்கள் தரைவழியாகப் போகாமல், ஆப்கன் அரசு ஏற்பாடு செய்த ஹெலிகாப்டரில்தான் போய்வந்தார்கள்.

இவ்வளவு சுற்றியதில் செலவும் காலமும் ஏறின. கட்டி முடிக்க ₹1,700 கோடிக்கும் மேல் ஆனது. 2016 ஜூன் 4 அன்று பிரதமர் மோடியும் அதிபர் அஷ்ரஃப் கனியும் அதைத் திறந்து, ஆப்கன்–இந்தியா நட்பு அணை என்று பெயர் வைத்தார்கள். 107 மீட்டர் உயரம். 64 கோடி கன மீட்டர் நீர் பிடிக்கும். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 22 டி.எம்.சி., மேட்டூர் அணையில் கால் பங்கு. 42 மெகாவாட் மின்சாரம், 75,000 ஹெக்டேர் பாசனம் என்பது திட்டம். மின்சாரம் சிறிய அளவுதான். வறண்ட ஹெராத்துக்கு அந்த அணையின் மதிப்பு பாசனத்தில் இருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஈரானுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. அதே ஈரான் வழியாகத்தான் அணையின் இயந்திரங்களும் போயின என்பது இந்தப் பகுதி அரசியலின் விசித்திரம்.

வேலை நடந்த இடங்களில் ரத்தமும் சிந்தியது. 2005 நவம்பரில் ஸரஞ்ச் சாலைப் பணியில் இருந்த கேரள ஓட்டுநர் ஒருவரைத் தாலிபான்கள் கடத்திக் கொன்றார்கள். அதன் பிறகு அந்தச் சாலைக்கு இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையினர் காவல் நின்றார்கள். 2008 ஜூலை 7 அன்று காபூல் இந்தியத் தூதரக வாசலில் வெடித்த கார் குண்டில் 58 பேர் இறந்தார்கள். ராணுவ ஆலோசகர் பிரிகேடியர் ஆர்.டி. மேத்தா, தூதரக அதிகாரி வி. வெங்கடேஸ்வர ராவ் இருவரும் அவர்களில் அடக்கம். அடுத்த ஆண்டும் தூதரகம் தாக்கப்பட்டது. ஆனாலும் போரிடும் படை எதையும் இந்தியா அங்கே அனுப்பவில்லை. அனுப்பாதது சரியான முடிவு. ஆப்கானியர்கள் இந்தியப் படையைப் போர்க்களத்தில் பார்த்திருந்தால் இன்றைய பேச்சு எதுவும் நடந்திருக்காது.

சின்ன வேலைகள்

பெரிய அணைக்கு ரிப்பன் வெட்டினால் படம் வரும். கிராமத்துக் கிணற்றுக்கு வராது. ஆனால் இந்திய உதவியில் எனக்கு அதிகம் பிடித்தது சிறு வளர்ச்சித் திட்டங்கள் என்ற பெயரில் நடந்த வேலைகள். எல்லையோர மாகாணங்களில் ஊருக்கு என்ன தேவை என்று ஊரார் சொல்வார்கள்: ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், ஒரு பாலம், ஒரு வாய்க்கால். பணம் இந்தியா தரும். வேலையை உள்ளூர் ஒப்பந்தக்காரர் செய்வார். இந்தியாவிலிருந்து ஆள் போக வேண்டாம், இயந்திரம் போக வேண்டாம், வாகாவும் வேண்டாம், பந்தர் அப்பாஸும் வேண்டாம். வழி இல்லாத ஊருக்கு உதவ இதைவிடச் சுலபமான முறை இல்லை. ஆப்கானிஸ்தானின் 34 மாகாணங்களிலும் 400க்கு மேற்பட்ட திட்டங்கள் என்று இந்திய அரசு சொல்லும் கணக்கு இப்படித்தான் சேர்ந்தது.

இந்தியா மொத்தமாகச் செலவிட்டது சுமார் 300 கோடி டாலர். இதே காலத்தில் ஆப்கன் மறுகட்டமைப்புக்கு அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆப்கன் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் போனது. அந்த ராணுவம் 2021இல் சில வாரங்களில் கலைந்தது. 2019 தொடக்கத்தில் அதிபர் டிரம்ப், மோடி ஆப்கானிஸ்தானில் ஒரு நூலகம் கட்டியதாகத் தன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று கேலி பேசினார். கேலிக்குரியது எது என்பதை அடுத்த இரண்டரை ஆண்டுகள் காட்டின.

அதற்காக இந்தியாவின் கணக்கு முழுவதும் சரி என்று சொல்லிவிட முடியாது. காபூலில் சுமார் 9 கோடி டாலரில் நாடாளுமன்றக் கட்டடம் கட்டிக்கொடுத்தோம். 2015 கிறிஸ்துமஸ் நாளில் மோடி திறந்துவைத்தார். இன்று கட்டடம் இருக்கிறது, நாடாளுமன்றம் இல்லை. 2017 டிசம்பரில் ஆப்கன் ராணுவப் பெண் அதிகாரிகள் 20 பேர் சென்னை பரங்கிமலையிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிறுவனத்துக்கு வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள். அவர்கள் சேர்ந்த ராணுவமே இப்போது இல்லை. பெண்கள் ராணுவத்தில் இருக்கும் காலமும் அங்கே முடிந்துவிட்டது. ஓர் அரசு நிலைத்திருக்கும் என்று நம்பிச் செய்தவை அந்த அரசோடு போயின. ஊருக்குச் செய்தவை நின்றன. அணையில் தண்ணீர் தேங்குவதற்கு யார் ஆட்சி என்பது பொருட்டில்லை.

அங்கீகாரம் இல்லாமல் உறவு

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலுக்குத் திரும்பினார்கள். இரண்டு நாளில் இந்தியத் தூதரகம் காலியானது. அந்த மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 31 அன்று, கத்தாருக்கான இந்தியத் தூதர் தீபக் மிட்டல் தோஹாவில் தாலிபான் பிரதிநிதி ஷேர் முகமது அப்பாஸ் ஸ்டானிக்ஸாயைச் சந்தித்தார். ஸ்டானிக்ஸாய் 1980களில் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்றவர். 1999இல் நேர்ந்தது மறுபடியும் நேரக்கூடாது என்ற எச்சரிக்கை இந்த அவசரத்தில் தெரிகிறது.

அந்தக் குளிர்காலத்தில் ஆப்கானிஸ்தான் பட்டினியை நெருங்கியது. இந்தியா 50,000 டன் கோதுமை தருவதாகச் சொன்னது. பழைய கேள்வி திரும்ப வந்தது: எந்த வழியில்? பாகிஸ்தான் இம்முறை விதிவிலக்காக வழிவிட்டது. ஆனால் யாருடைய லாரியில் போவது என்று பேரம் நடந்தது. தன் லாரியில் போகட்டும் என்றது ஒரு தரப்பு, கூடாது என்றது இன்னொரு தரப்பு. இறுதியில் ஆப்கன் லாரிகள் என்று முடிவானது. 2022 பிப்ரவரி 22 அன்று, வாகா எல்லையின் இந்தியப் பக்கமான அட்டாரியிலிருந்து 50 லாரிகளில் 2,500 டன் கோதுமை கிளம்பியது. கொடியசைத்தவர்களில் ஒருவர் டெல்லியிலிருந்த ஆப்கன் தூதர். கவிழ்ந்துபோன குடியரசு நியமித்தவர். ஜலாலாபாத்தில் கோதுமையைப் பெற்றுக்கொண்டது உலக உணவுத் திட்டம். அந்த ஊரை ஆண்டது தாலிபான். காகிதத்தில் இந்தியா தாலிபானுக்கு எதுவும் தரவில்லை. ஆனால் தாலிபானின் சம்மதமில்லாமல் ஒரு மூட்டையும் ஜலாலாபாத் போயிருக்காது. ராஜதந்திரம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படி ஒன்றைச் செய்துகொண்டே செய்யவில்லை என்று சொல்வதற்கான ஏற்பாடுதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்சியை அங்கீகரிப்பது வேறு, அங்கே அலுவலகம் வைப்பது வேறு. அங்கீகாரம் என்றால், இந்த நாட்டின் சட்டப்படியான அரசு நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்வது. அதை ஒருமுறை கொடுத்துவிட்டால் எளிதில் திரும்பப் பெற முடியாது. பேரத்தில் கையிலிருக்கும் பெரிய துருப்பும் போய்விடும். அலுவலகம் வைப்பதற்கு அவ்வளவு பொருள் இல்லை. எனவே நாடுகள் படிப்படியாகப் போகின்றன. 2022 ஜூனில் இந்தியா காபூலில் ஒரு 'தொழில்நுட்பக் குழு'வை நிறுத்தியது. உதவிப் பொருள்களின் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. பழைய தூதரக வளாகத்திலேயே அதிகாரிகள் போய் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி துபாயில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகியைச் சந்தித்தார். காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி மூடப்பட்டிருந்தபோதும், மே மாதம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முத்தாகியுடன் தொலைபேசியில் பேசிய மறுநாள், வழியில் சிக்கியிருந்த 160 ஆப்கன் லாரிகளை மட்டும் இந்தியா உள்ளே விட்டது.

2025 அக்டோபரில் முத்தாகியே டெல்லி வந்தார். ஐ.நா. பயணத் தடைப் பட்டியலில் இருப்பவர் என்பதால் பாதுகாப்புக் குழுவின் தனி அனுமதி வாங்கி வர வேண்டியிருந்தது. ஜெய்சங்கர் அவரைச் சந்தித்து, காபூல் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த மாதமே அது நடந்தது. அப்போதும் அங்கீகாரம் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலையில், ரஷ்யாதான் முதல் நாடாகத் தாலிபான் அரசை அங்கீகரித்திருந்தது. சீனா அதற்கு முந்தைய ஆண்டே தாலிபான் தூதரின் நியமனப் பத்திரத்தை ஏற்றிருந்தது.

தாலிபான் ஏன் இந்தியாவைத் தேடி வருகிறது? ஒரு காலத்தில் அவர்களை வளர்த்த பாகிஸ்தானோடு இப்போது அவர்களுக்குப் பகை. முத்தாகி டெல்லியில் இருந்த அதே நாட்களில் இரு நாட்டு எல்லையில் சண்டை மூண்டு, டோர்காம் வாயில் மூடப்பட்டது. கராச்சியை நம்பியிருந்த ஆப்கன் வியாபாரிக்கு கடலை அடைய ஈரான் வழி ஒன்றே மிச்சமானது. இந்தியாவுக்கும் அதே வழிதான். ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தை இந்தியா 2018 டிசம்பரில் நடத்தத் தொடங்கியது; அதற்கு முந்தைய ஆண்டு காண்ட்லாவிலிருந்து கிளம்பிய கோதுமைக் கப்பல் அந்த வழியைத் தொடங்கிவைத்தது. 2024 மே மாதம் பத்தாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் இந்த வழியின் சாவி வாஷிங்டனில் இருக்கிறது. ஈரான் மீதான தடைகளிலிருந்து சாபஹாருக்கு 2018இல் அமெரிக்கா கொடுத்த விலக்கை 2025 செப்டம்பரில் பறித்தது. அக்டோபரில் ஆறு மாதத்துக்கு மட்டும் மறுபடியும் கொடுத்தது. ஆறு மாதத் தவணையை நம்பி எந்தக் கப்பல் நிறுவனமும் திட்டம் போடாது.

பிரசவ விடுதிக்கு யார் வருவார்?

முத்தாகி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில் மருத்துவத் திட்டங்கள் நிறைய இருந்தன. காபூலின் பக்ராமி மாவட்டத்தில் 30 படுக்கை மருத்துவமனை, காபூலில் புற்றுநோய் மையம், விபத்துச் சிகிச்சை மையம். பக்திகா, கோஸ்ட், பக்தியா மாகாணங்களில் ஐந்து பிரசவ விடுதிகள். தேர்வு நல்ல தேர்வு. 2022இல் நிலநடுக்கம் குலைத்த மலைப் பகுதிகள் அவை; பிரசவத்துக்கு அங்கிருந்து நகர மருத்துவமனைக்குப் போவதே பெரும்பாடு.

ஆனால் பிரசவம் பார்ப்பது யார்? ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக்கூடாது என்பது தாலிபான் உத்தரவு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகம் அவர்களுக்கு மூடப்பட்டது. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி நிலையங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதை ஊர் ஏற்காத இடத்தில், இன்னும் சில ஆண்டுகளில் அந்த ஐந்து விடுதிகளிலும் கட்டிலும் விளக்கும் இருக்கும், மருத்துவச்சி இருக்கமாட்டார்.

இதை டெல்லி அறியாதது அல்ல. முத்தாகியின் முதல் செய்தியாளர் கூட்டத்துக்குப் பெண் பத்திரிகையாளர்கள் அழைக்கப்படவில்லை. கண்டனம் கிளம்பியதும் இரண்டு நாள் கழித்து இன்னொரு கூட்டம் வைத்து அவர்களையும் அழைத்தார்கள். முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். அழுத்தம் கொடுத்தால் சின்ன அளவிலாவது விட்டுக்கொடுப்பார்கள் என்பதற்கு இது ஓர் அடையாளம். கூட்டறிக்கையில் பெண்கல்விக்காக அப்படி அழுத்தம் கொடுத்ததற்கான தடயம் இல்லை.

காபூலில் தூதரகம் திறந்தது சரி என்றே நினைக்கிறேன். மூடிவைத்துக்கொண்டு 1999ஐ மறுபடியும் பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள். அங்கீகாரத்தைக் கையிலேயே வைத்திருப்பதும் சரி. தவறு வேறிடத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று, ஆப்கானியர்களுக்கு அதுவரை கொடுத்திருந்த எல்லா விசாக்களையும் இந்தியா ஒரே உத்தரவில் ரத்து செய்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்து, விடுமுறைக்கோ கொரோனாவுக்கோ ஊர் போயிருந்த மாணவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், மாணவிகளும்தான். இணையவழிப் படிப்புக்கு ஆயிரம் உதவித்தொகை தந்தது ஆறுதல்தான். மின்சாரமும் இணையமும் வந்துபோகிற ஊரில் அது எவ்வளவு தூரம் போகும்? மருத்துவமோ செவிலியர் பணியோ திரையில் பார்த்துக் கற்கக்கூடியதும் அல்ல.

2025 ஏப்ரலில் ஆப்கானியர்களுக்கான புதிய விசா முறை வந்திருக்கிறது. மருத்துவம், வணிகம், படிப்பு என எல்லா வகையிலும் முன்பைவிட அதிகம் தருவதாக வெளியுறவு அமைச்சர் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பகுதியைச் செவிலியர், மருத்துவச்சி, மருத்துவப் படிப்புகளில் சேரும் ஆப்கன் பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஈரானிலோ பாகிஸ்தானிலோ அகதியாக இருப்பவர்களும் அங்கிருந்தே விண்ணப்பிக்க இடம் தர வேண்டும். பக்திகாவில் கட்டப்போகும் விடுதிக்கு ஆள் வேண்டுமென்றால் இதை இப்போதே தொடங்க வேண்டும். இதற்கு எந்த நாட்டின் சாலையும் துறைமுகமும் தேவையில்லை. டெல்லியில் ஓர் உத்தரவு போதும்.